அவர்கள் கேட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 21, 2023. திங்கள்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம். ஹெச்.ஆர். மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டதாம், மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்களுக்கும் நல்லதுங்க மேடம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியா கொடுத்தர்றோம்." ஆர்டர் குறைந்தது பொய்யில்லை. திருப்பூர் முழுக்க அதே பேச்சுதான். ஆனால் எங்கள் பிரிவில் அந்த அறைக்கு அழைத்தது என்னை மட்டும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். கை நடுங்கியது.

ஆகஸ்ட் 22

கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 27. ஞாயிறு

காலையிலிருந்து 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பேறுகால விடுப்பில் இருப்பவளை வேலையிலிருந்து நிறுத்துவது சட்டவிரோதம். விடுப்புக்குள் முடிகிற மாதிரி நோட்டீஸ் கொடுப்பதும் அப்படியே. நான் இன்னும் விடுப்பில் போகவே இல்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த உட்பிரிவில் இருந்தது: கர்ப்பகாலத்தில் எப்போது நீக்கினாலும், கிடைத்திருக்க வேண்டிய பேறுகாலப் பணம் பறிபோகாது. கடும் ஒழுங்கீனம் என்று எழுத்தில் உத்தரவு போட்டால் மட்டும் விலக்கு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஜனவரியில் பிரசவம். 80 நாளை எப்போதோ தாண்டியாயிற்று. 26 வாரச் சம்பளம்.

இதெல்லாம் அவர்கள் நீக்கினால்தான். நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்? அந்தப் பிரிவு பேசுவது நீக்கப்பட்டவளைப் பற்றி மட்டும். அந்த ஒரு தாளுக்காகத்தான் அவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். நாளைக்கே டாக்டர் சான்றோடு பேறுகால விடுப்புக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 4

தபால் ஒப்புகை அட்டை வந்தது. அதே நாளில் மெமோவும்: காலையில் தாமதமாக வருகிறேனாம். இதுவரை வாயால்கூடச் சொல்லாத புகார். ஒழுங்கீனத்துக்குக் கணக்குச் சேர்க்கிறார்கள். பதில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 6

மதியம் கேண்டீனில் செக்கிங் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. மூத்த மகள் வயிற்றிலிருந்தபோது வேறொரு கம்பெனியில், "வயிறு தெரியுது, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்களாம். பீஸ் ரேட் வேலை, எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லை. "யாரைப் போய்க் கேக்கறது கண்ணு?"

இப்போது சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ.யே பேறுகாலப் பணம் கொடுக்கும் என்றேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். மருமகளுக்கு அவரேதான் அலைந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். தன் டப்பாவிலிருந்து கீரையை அள்ளி என் தட்டில் வைத்தார். "நீ படிச்சவ. எழுதிக் குடுத்துப்போடாத."

டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலச் சட்டம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2000-ல். அக்காவின் மகள் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

வீட்டுக்காரரோடு சண்டை. "பணம் போனாப் போகுது, நீ நிம்மதியா இரு" என்கிறார். நிம்மதியைக் கெடுத்தது நானா?

செப்டம்பர் 11

இன்று நன்றாக உதைத்தது. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 22

நீக்கிவிட்டார்கள். மெயிலில் நாலு வரி. காரணம் ஆட்குறைப்பு. ஒழுங்கீனம் என்ற பேச்சே இல்லை. அழுதேன். பிறகு அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.

60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார். போன மாதம் 17-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். டில்லியில் ஓர் ஒப்பந்த மருத்துவர். 2017 ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது என்று 11 நாளுக்கு மட்டும் பணம் என்றார்களாம். ஒப்பந்தம் முடிந்தாலும் முழு 26 வாரத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. வருவதற்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் குழந்தை இந்நேரம் பள்ளிக்கூடம் போகும்.

பணம் கிடைக்கும் என்கிறார். வேலை? ஆர்டர் இல்லை என்று கம்பெனி கணக்குக் காட்டினால் கஷ்டம் என்றார். பேறுகாலப் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற சட்டம், இத்தனை வருடம் பார்த்த வேலையை அப்படிப் பிடிக்கவில்லை. இது போதாது. வக்கீலம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 3

மனு கொடுத்தாயிற்று. ராத்திரி அக்கா போன் செய்தார். என் சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறானாம். புதிதாக எடுத்த ஆள், என் பையர்களையே பார்க்கிறானாம். அப்படியானால் ஆட்குறைப்பு என்பதே பொய்.

உடனே வக்கீலம்மாவிடம் சொன்னேன். "சொன்னவங்க சாட்சிக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

அக்காவுக்கும் அங்கேதான் சம்பளம். நான் இன்னும் கேட்கவில்லை.