மூணாவது ஆள் வந்தா சிக்கல்தான்... அணுவுக்கும்!

ரெண்டு பேருக்கு நடுவில் இருக்கும் பிரச்னையை எப்படியாவது பேசித் தீர்த்துவிடலாம். மூன்றாவதாக ஒருவர் உள்ளே நுழைந்தால்தான் சிக்கல். குடும்பத்துக்கு மட்டுமல்ல, அணுவுக்கும் இதே கதைதான்!

இருப்பதிலேயே எளிமையான அணு ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஒரே ஓர் எலக்ட்ரான். இந்த ஜோடியின் கணக்கை 1926-ல் எர்வின் ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டால் போட்டு முடித்துவிட்டார்.

சரி, வெளியிலிருந்து இன்னோர் எலக்ட்ரான் வேகமாக வந்து மோதினால்? அதன் ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால், உள்ளே இருப்பதைத் தட்டி வெளியேற்றிவிட முடியும். இதற்குப் பெயர் அயனியாக்கம். ட்யூப்லைட் எரியும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் வாயு அணுக்களில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

மோதிய பிறகு யார் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போவார்கள்? இந்தக் கேள்விதான் பல தலைமுறை விஞ்ஞானிகளைத் திணறடித்தது.

காரணம், மின்விசை. எவ்வளவு தூரம் விலகினாலும் அது முழுதாக அறுந்துபோவதில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன. புரோட்டான் இரண்டையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. 'இனி அவங்கவங்க வழி' என்று கணக்கை முடிக்கும் இடமே வருவதில்லை!

1953-ல் கிரிகரி வானியர் ஒரு துப்பு கொடுத்தார். ஆற்றல் மிகக் குறைவாக இருந்தால், இரண்டு எலக்ட்ரான்களும் நேரெதிர்த் திசைகளில், புரோட்டானிலிருந்து ஏறக்குறைய சமதூரத்தில் விலகினால்தான் இரண்டுமே தப்பிக்கும். ஒன்று பின்தங்கினால், புரோட்டான் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

1990-களில் ஆஸ்திரேலியாவின் இகோர் ப்ரே, ஆண்ட்ரிஸ் ஸ்டெல்போவிக்ஸ் இருவரும், இப்படி அணு உடைவதற்கான மொத்த வாய்ப்பைப் பரிசோதனையோடு பொருந்தும்படி கணக்கிட்டார்கள். திசை, வேகம் என முழு விவரமும் 1999 டிசம்பர் 24 'சயின்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவின் ரெசிக்னோ, மெக்கர்டி, ஐசக்ஸ் ஆகியோருடன் அந்தக் கட்டுரையில் இருந்த இன்னொரு பெயர் மார்க் பெர்ட்ஷி. அப்போது அவர் பிஹெச்.டி மாணவர்!

தொலைதூரத்தில் என்ன ஆகிறது என்ற கேள்வியையே அவர்கள் தவிர்த்தார்கள். ஓர் எல்லைக்கு அப்பால் தூரத்தையே கலப்பெண்ணாக மாற்றினார்கள். எலக்ட்ரான் அலை அங்கே தானாக அடங்கிப்போனது. மிச்சத்தை சூப்பர் கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொண்டன. விடை பரிசோதனையோடு ஒத்துப்போனது.

மூன்றே துகள்களுக்கு 73 வருடங்கள். இந்தப் பாடு எதற்காக?

பிரான்ஸில் கட்டப்படும் ஐடெர் அணு இணைவு உலையின் உட்பகுதியில் டங்ஸ்டன் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் உதிர்ந்து உள்ளே கலந்தாலும், எலக்ட்ரான்கள் மோதி மோதி அதை அயனியாக்கும். உலையின் வெப்பம் ஒளியாக வீணாகும். எவ்வளவு வீணாகும் என்பதை எல்லா நிலைகளிலும் ஆய்வகத்தில் அளந்துவிட முடியாது. கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

டங்ஸ்டனில் இருப்பதோ 74 எலக்ட்ரான்கள். அங்கே தோராயக் கணக்குதான் கைகொடுக்கும். அந்தத் தோராயத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைச் சோதித்துப் பார்க்கும் உரைகல், இந்தச் சின்ன ஹைட்ரஜன்தான்!