டுல்சியா தைத்த சுருள்கள்

ஜெர்மனியின் வோர்ம்ஸ், ரைன் நதிக்கரையிலுள்ள பழைய ஊர். அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் 1034-இல் எழுந்தது. அந்த ஊரின் வரலாற்றில் என்னை விடாமல் பிடித்திருப்பவள் டுல்சியா. 1196-இல் வீடு புகுந்தவர்கள் அவளையும் மகள்கள் பெல்லெட், ஹன்னா இருவரையும் கொன்றார்கள். பெல்லெட்டுக்கு வயது 13, ஹன்னாவுக்கு 6.

கணவர் எலெயாசர் பேரறிஞர். அவர் எழுதிய இரங்கற்பா இன்றும் இருக்கிறது. கையறுநிலைப் பாடல்களில் மன்னனின் வீரத்தையும் வள்ளலின் கொடையையும் நடத்தும் எனக்கு அது புதிது. அதில் வருவது ஒரு பெண்ணின் உழைப்பு. வட்டிக்குப் பணம் கொடுத்துக் குடும்பத்தையும் கணவரின் மாணவர்களையும் காப்பாற்றினாள். சுமார் 40 தோரா சுருள்களைத் தைத்தாள். பெண்களுக்குத் தொழுகையும் பாட்டும் கற்பித்தாள்.

1212-13-இல் கூடத்தை ஒட்டிப் பெண்களுக்குத் தனிக்கூடம் கட்டினார்கள். பெண்களுக்காகப் பாடிய உரானியாவை 1275-ஆம் ஆண்டுக் கல்லறைக்கல் நினைவுகூர்கிறது. 1938-இல் நாஜிகள் எரித்த தொழுகைக்கூடம் 1961-இல் மீண்டும் எழுந்தது.

சுருளைத் தைத்தவளுக்கு அதைச் சபையில் வாசிக்கும் உரிமை இல்லை. அவள் சொல்லாக ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. கணவர் அழுததால்தான் அவளை அறிகிறோம். அழுதவர் எழுதத் தெரியாதவராக இருந்திருந்தால்? மாணவிகளிடம் நான் கேட்பது இதைத்தான்.