வட்டமும் முக்கோணமும்

‘உங்கள் வசதிக்கேற்ற வேகத்தில் படிக்கலாம்’ என்று சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் நாற்பது வயதில் தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் சேர்ந்தேன். கீழக்குயில்குடிக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தூரமே இல்லை. தேனி ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாசலில் இறங்கலாம். அங்கே 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. தொலைவு என்பது கிலோமீட்டரில் இல்லை.

எனக்கென்று ஒரு வேகமும் இருக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பால் கறக்கும் நேரம், ரேஷன் கடை திறக்கும் நேரம் எல்லாம் போக மிஞ்சுவது இரவு பத்து மணிக்கு மேல்தான். “லைட்டப் போட்டுக்கிட்டு என்னத்தத்தா படிக்கிற?” என்பார் அத்தை. பன்னிரண்டு பக்கமுள்ள முதல் அலகை முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

அந்த அலகில்தான் சி. ரைட் மில்ஸ் வந்தார். தனி மனிதரின் தொல்லை என்று நாம் நினைப்பதைச் சமூகத்தின் பிரச்சினையாகப் பார்க்கப் பழக வேண்டும் என்று 1959-இல் எழுதியவர். இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது; அந்த வேலையில் கைகொடுக்கும் ஆண்களுக்கு 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். எனக்குப் படிக்கத் துப்பில்லை என்று இருந்த நினைப்பு அன்றைக்குப் போனது.

அதன்பிறகு ஊரையும் வேறு கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊர்க் கள்ளர்கள் மீது 1914-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஆண்கள் ரேகை வைத்து, ராத்திரியானால் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீங்கும்வரை நடந்த கொடுமைகளை ஊரில் ஆண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ராத்திரிகளில் வீட்டையும் பிள்ளைகளையும் ஆடுமாட்டையும் காத்தது யார் என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

உறவுமுறை பற்றிய அலகில் லூயி டூமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயர் இருந்தது. தேடிப் பார்த்தால், 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1957-இல் புத்தகம் போட்டவர். முறைப்பெண்ணைக் கட்டுவது இரண்டு பேர் சங்கதி அல்ல, இரண்டு வகையறாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உறவு என்று விளக்கியவர். பாடத்தில் அதற்கு ஒரு வரைபடம். முக்கோணம் ஆண், வட்டம் பெண், கல்யாணத்துக்குச் சமக்குறி.

நோட்டில் எங்கள் குடும்பத்தை வரைந்தேன். அத்தை என் அப்பாவின் உடன்பிறந்த அக்கா. அவர் மகன் என் கணவர். கோடுகள் அச்சு அசலாகப் பொருந்தின. எட்டிப் பார்த்த அத்தை, “இதுல நான் எது?” என்றார். வட்டத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னயவும் யாரும் கேக்கலத்தா” என்றார்.

அந்த வருசம் மகள் பிளஸ் டூ முடித்தாள். அண்ணன் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். முறை விட்டுப்போகக் கூடாது என்றார். நல்ல பையன்தான். இருந்தாலும், “அவ படிச்சு முடிக்கட்டும்ணே. அப்புறம் அவளக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். “பொட்டப்பிள்ளயக் கேட்டா முறை செய்யிறது?” என்று எழுந்தார். என் கணவர் வாய் திறக்கவில்லை. அத்தைதான், “கேக்கட்டும்டா, என்ன இப்ப?” என்றார்.

அண்ணன் இன்னும் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பொங்கல் சீரும் வரவில்லை; அது வலிக்கத்தான் செய்கிறது. மகள் தினமும் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு இன்னும் இரண்டு தாள் பாக்கி.