ஆய்வேடு மட்டும் போதுமா?



நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த நிலை மாறி, முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யும் காலம் வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஆய்வு மாணவர் என்றால் நூலகத்தில் அமர்ந்து படிப்பவர், சில ஆண்டுகள் கழித்துத் தடித்த ஏடு ஒன்றை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்குபவர் என்ற எண்ணமே நம்மில் பலரிடம் நிலைத்திருக்கிறது. இடையில் "பயிலரங்கு", "பயிற்சி முகாம்" என்று அழைப்பு வந்தால், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறோம். பெண் பிள்ளையாயின் அந்தக் கேள்வியே தடையாகிவிடுகிறது. அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வாழும் தேவிகாபுரம், ஆரணிப் பட்டுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்து நெசவூர். இங்கே தறி கற்க வருகிறவர் முதல் நாளே நாடாவைக் கையில் எடுப்பதில்லை. தார் சுற்றப் பழகுகிறார். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் இணைக்கப் பழகுகிறார். ஒரு பாவு தீர்ந்து மறு பாவு ஏறும்போது, ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதையும் அருகிருந்து கற்கிறார். சேலையை விரித்துப் பார்க்கும் மணமகள் வீட்டார் கண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அவர்கள் முந்தானையைப் பார்ப்பார்கள்; கரையைப் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சில்லறை வேலைகள் கைவராதவர் நெய்த சேலை கடை வரை செல்லாது என்பதை எங்கள் ஊரில் எவரும் அறிவர்.

ஆய்வேடும் அத்தகையதே. அதற்குப் பின்னே ஆய்வுமுறையை வகுத்தல், புள்ளிவிவரத்தைப் பிழையின்றிக் கணித்தல், கட்டுரை எழுதுதல், அவை நடுவே நின்று பேசுதல், பிறருக்குப் பாடம் சொல்லித் தருதல், பிறர் உழைப்பைப் பிறருடையது என்றே ஒப்புக்கொள்ளுதல் எனப் பல கைத்திறன்கள் இருக்கின்றன. நெறியாளரைப் பார்த்துத் தானாக வந்துவிடும் என்று முன்பு விட்டிருந்தார்கள். இன்று அப்படி விடுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டின் இறுதியில், ஆய்வு அறமும் வெளியீட்டு அறமும் குறித்த 30 மணி நேரப் பாடம் ஒன்றை ஆய்வு மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. 2022 நவம்பரில் வெளிவந்த புதிய விதிகள் மேலும் ஒரு படி சென்றன. எந்தத் துறையினராயினும் தம் பாடத்தைக் கற்பிக்கவும் எழுதவும் பயிற்சி பெற்றாக வேண்டும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு, ஆய்வுக்கூடம், விடைத்தாள் மதிப்பீடு போன்ற பணிகளை அவர்களுக்கு ஒப்படைக்கலாம் என்று அவை கூறுகின்றன. ஆகவே "பயிற்சி வேண்டாம், பட்டம் மட்டும் போதும்" என்று சொல்ல இனி இடமில்லை.

என் சகோதரியின் மகள் வேதியியலில் ஆய்வு செய்கிறாள். பட்டுக்குச் சாயம் தோய்த்தபின் வெளியேறும் கழிவுநீரைப் பற்றியது அவள் ஆய்வு. எங்கள் தெருக்களில் பிறந்த பொருளையே அவள் எடுத்துக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஒருநாள் அவளுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. "பன்னாட்டு ஆய்விதழ்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒன்று, எட்டாயிரம் ரூபாய் செலுத்தினால் மூன்றே நாளில் கட்டுரையை வெளியிடுவதாக வாக்களித்தது. அவள் தந்தையாருக்கு அளவற்ற பூரிப்பு. மகளின் பெயர் உலகமெல்லாம் தெரியப்போகிறது என்று பணத்தையும் எடுத்து வைத்துவிட்டார். பிள்ளையோ மறுத்துவிட்டாள். முறையான இதழ் என்றால் துறையறிந்த இருவராவது கட்டுரையைப் படித்துக் குறை கூறுவர். அதற்கு மாதங்கள் ஆகும். மூன்று நாளில் ஏற்பவன் படிக்காமலே ஏற்கிறான் என்று அவள் எடுத்துரைத்தாள். அந்த 30 மணி நேரப் பாடத்தில் கற்றதுதான் இது.

அடுத்த மாதமே சென்னையில் ஆறு நாள் பயிலரங்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. அளவீடுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்வதும் கட்டுரை எழுதுவதும் அங்கே கற்பிக்கப்படும். முன்பு எட்டாயிரம் தரத் துணிந்த அதே தந்தையார் இப்போது மறுத்தார். "ஆராய்ச்சி செய்யத்தானே சேர்த்தோம் மச்சான், ஊர் ஊராய்ப் போய்ப் பாடம் கேட்கவா?" என்று என்னிடமே கேட்டார். அவர் அச்சத்தை நான் இழிவாக எண்ணவில்லை. வயது வந்த பெண்ணை வெளியூரில் தங்க வைப்பது பற்றி ஒரு தந்தை யோசிப்பது இயல்பே. மார்க்க வரம்பைப் பேண வேண்டும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் வரம்பைப் பேண வழி தேடுவது வேறு. வரம்பைக் காரணமாக்கி வாசலையே அடைப்பது வேறு. "போலி இதழுக்குத் தர எடுத்து வைத்த பணத்தில் பாதிகூட இதற்கு ஆகாது மச்சான், என் சகோதரியும் உடன் போகட்டும்" என்றேன். இரண்டு நாள் பேச்சுக்குப் பின் அவ்வாறே முடிவாயிற்று. திருவல்லிக்கேணியில் உறவினர் வீட்டில் தாயும் மகளும் தங்கினார்கள். ஆறு நாளும் தாயார் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வந்தார்.

நம் முன்னோரிடம் இதற்கு முன்மாதிரி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு ஹதீஸை ஏற்கும் முன், "யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார்" என்று அறிவிப்பாளர் தொடரை வினவிய சமுதாயம் நம்முடையது. சான்று காட்டாத சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. இன்றைய ஆய்வேட்டின் மேற்கோள் ஒழுங்கும் அதே நேர்மையைத்தான் கேட்கிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழப் பதினாறு வயதில் தம் தாயாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்று, கல்விக்காக மக்காவிலேயே தங்கிவிட்டதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

அந்த மக்கா நகரிலேயே, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், கரீமா அல்மர்வஸிய்யா என்னும் பெண்மணி ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்து வந்தார். அறிஞர் கதீப் அல்பக்தாதீ போன்றோர் அவரிடம் பாடம் கேட்டனர். இன்னொரு மாணவர் அவரிடமிருந்த பிரதியைப் பார்த்து ஏழு தாள்கள் எழுதி முடித்து, அதைத் தாமே தனியாக ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள விரும்பினாராம். அம்மையார் இசையவில்லை, தம்முடன் அமர்ந்து ஒப்பிட்டால்தான் ஆகும் என்று கூறி, அவ்வாறே செய்வித்தார். மாணவன் எழுதியதை ஆசிரியர் உடனிருந்து திருத்தும் இந்த வழக்கத்தை விடச் சிறந்த ஆய்வுப் பயிற்சி எது? அதை நடத்தியவர் ஒரு பெண் என்பதை, மகளைத் தடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

பிறர் எழுத்தைத் தனதாக்குவோர்க்கு இன்று தண்டனையும் உண்டு. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 40 வரை சென்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை சென்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலானால் பதிவே நீக்கப்படும். பிடிபடுவோருள் எல்லோரும் திருடர்கள் அல்லர் என்பது என் கருத்து. பிறர் கருத்தைத் தன் சொல்லில் எழுதும் முறையை எவரும் கற்றுத் தராமையாலேயே சிக்குவோரும் இருக்கின்றனர். நம்பத்தகுந்த இதழ்களின் பட்டியல் ஒன்றை மானியக் குழு 2019 முதல் வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டது. இனி நல்ல இதழையும் போலியையும் பிரித்தறியும் பொறுப்பு பெரிதும் மாணவர் தலையிலும் கல்லூரி தலையிலுமே விழுகிறது.

இந்தக் குறையை உணர்ந்தது நம் நாடு மட்டுமன்று. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு சர் காரெத் ராபர்ட்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை, ஆய்வுப் பட்டம் பெற்றோர்க்குத் துறையறிவு இருந்தும் பேசவும் எழுதவும் பலரோடு சேர்ந்து பணியாற்றவும் போதிய பயிற்சி இல்லை என்றது. ஆண்டுக்கு இரண்டு வாரமேனும் அதற்கு ஒதுக்கச் சொன்னது. அரசும் பல ஆண்டுகள் தனி நிதி தந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில், தன் ஆய்வு முழுவதையும் மாணவர் மூன்றே நிமிடத்தில் பொதுமக்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். என் மருமகள் இதை வீட்டில் செய்து பார்த்தாள். முதல் முறை அவள் தாயாருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான்காம் முறை, "அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா கூடாதா?" என்று தாயார் கேட்டார். ஆய்வு விளங்கிவிட்டது என்று பொருள்!

பணச் செலவையும் பேசியாக வேண்டும். சிறுபான்மை ஆய்வு மாணவருக்கென 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022-23ஆம் ஆண்டு முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று உதவித்தொகைக்குத் தேர்வாகாத பிள்ளைகளின் பயிலரங்குக் கட்டணமும் பயணச் செலவும் வீட்டாரையே சேரும். திருமணத்துக்கென ஒதுக்குவதில் சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாமே! இயலாத வீட்டுக்கு ஜமாஅத் கைகொடுக்கலாம். எந்த நிதியிலிருந்து தருவது என்பதை உலமாப் பெருமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் செல்லவே இயலாதவர்க்கு, அரசின் 'ஸ்வயம்' இணையத்தளத்தில் ஆய்வுமுறைப் பாடங்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே கேட்கலாம்.

பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டால் ஆய்வு நின்றுவிடும் என்று அஞ்சி, பயிற்சி எதற்கு என்போரும் உண்டு. பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்காக 240 நாள் வரை விடுப்பும் 2022 விதிகளிலேயே இருக்கின்றன. சம்பந்தம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் திருச்சியிலும் சென்னையிலும் நம் பெரியோர் கட்டிய கல்லூரிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் அவற்றின் மகளிர் விடுதிகளில் பத்து நாள் பயிலரங்கு நடத்தினால், தயங்கும் தந்தையரும் தயக்கமின்றி அனுப்புவார்கள். இதை வேண்டிக் கல்லூரி நிர்வாகங்களுக்கு விண்ணப்பம் ஒன்றை எழுதியிருக்கிறோம். முதல் கையொப்பம் என் மச்சானுடையது. உங்கள் வீட்டிலும் ஆய்வு செய்யும் பிள்ளை இருப்பின், அவர் எந்தப் பயிற்சிக்குப் போக முடியாமல் தவித்தார் என்பதைக் கேட்டறிந்து, நீங்களும் நிர்வாகத்தாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் கோடைக்குள் பதில் கிடைக்கும்.