சரிவில் நிற்பவன்

வட்டக்கானலில் சமதரை கிடைப்பது அபூர்வம். சாலைக்குக் கீழே, கேரட் பாத்திகளைத் தாண்டி, சோலைக்கு முன்னால் ஒரு துண்டுப் புல்வெளி. அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிடக்கிறது. மேட்டில் மூன்று கற்கள், அதுதான் ஸ்டம்பு. கீழே, ஊற்றுக் கசிந்து சேறாகிக் கிடக்கும் ஓரத்தில், அவன் நிற்கிறான். பன்னிரண்டு வயது இருக்கலாம். விரல்களையும் மூடிவிடுகிற பெரிய ஸ்வெட்டரை முழங்கை வரை சுருட்டிவிட்டிருக்கிறான்.

ஆடுகிறவர்களில் அவன்தான் சின்னவன். சின்னவனைத்தான் எப்போதும் கீழே நிறுத்துவார்கள். இருப்பதோ ஒரே டென்னிஸ் பந்து. அவனைத் தாண்டினால் சோலை, அதற்கப்புறம் பள்ளம். பந்து போனால் ஆட்டமும் போச்சு.

எல்லாருடைய கண்ணும் மட்டைக்காரன் மேல். சின்னவன்மேல் என் கண் மட்டும்தான். பந்து போடுகிறவன் கை சுழலும்போதெல்லாம் இவன் குனிகிறான். உள்ளங்கை முழங்காலில், உடம்பின் எடை முன்பாதத்தில். பந்து வேறு பக்கம் போனதும் நிமிர்கிறான். மறுபடி குனிகிறான். வெகுநேரமாக ஒரு பந்தும் வரவில்லை. ஒரு தடவைகூட அவன் குனியாமல் விடவில்லை.

பேஸ்பாலில் இந்த இடத்தில் நிற்பது ஒரு முழுநேரத் தொழில். வெளிக்களத்தில் மூன்று பேர்: இடது, நடு, வலது. அமெரிக்கப் பெரிய லீக்கில் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். ஜப்பானில் ஒன்பது பருவம் ஆடிவிட்டு 2001இல் சியாட்டில் மாரினர்ஸுக்குப் போன இச்சிரோ சுசுகி வலது பக்கம் நின்றவர். அந்த ஏப்ரலில் ஓக்லாந்தில் அவர் பந்தை எடுத்து ஒரே வீச்சில் மூன்றாவது பேஸுக்கு அனுப்பி, ஓடிவந்த டெரன்ஸ் லாங்கை வெளியேற்றியதை இன்றும் பேசுகிறார்கள். 2001 முதல் 2010 வரை விடாமல் பத்து முறை ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது. 2019இல், 45 வயதில், டோக்கியோவில் கடைசி ஆட்டம். பந்து வராத நேரத்திலும் நின்ற இடத்திலேயே உடம்பை வளைத்து, நீட்டி, குந்தி எழுந்து அவர் தயாராகிக்கொண்டே இருப்பார். விருதுகளைவிட எனக்கு அதுதான் பெரிது.

இங்கே ஒரு பந்து உருண்டு வருகிறது. பக்கவாட்டில் ஓடிக் காலால் மறித்து எடுத்து, மேட்டை நோக்கி எறிகிறான். ஒரே குத்தில் போய்ச் சேர்கிறது. யாரும் கைதட்டவில்லை.

நம் ஊரில் இந்தக் காத்திருப்பு என்றால் எனக்கு ராபின் சிங்தான். டிரினிடாடில் பிறந்து 1980களில் சென்னைக்கு வந்தவர். 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழக அணியில் ஆடியவர். 1989இல் இந்தியாவுக்காக இரண்டே ஒருநாள் ஆட்டங்கள். அடுத்த அழைப்பு வந்தது 1996இல், 33 வயதில். மீதி 134 ஆட்டங்களும் அதற்குப் பிறகுதான்! எல்லைக்கோட்டில் அல்ல, உள்வட்டத்தில் பாய்ந்தவர். பின்னாளில் இந்திய அணிக்கே ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆனார்.

பள்ளத்திலிருந்து மேகம் ஏறுகிறது. முதலில் மரங்கள் போயின, பிறகு சாலை, பிறகு மட்டைக்காரனே ஒரு நிழலானான். ஆட்டம் நிற்கவில்லை. சின்னவன் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்கிறான். கண்ணுக்கு வேலை இல்லாதபோது காதுதான். பேஸ்பால் வெளிக்களக்காரர்களும் மட்டைச் சத்தத்தைக் கேட்டே முன்னால் போவதா, பின்னால் போவதா என்று முதல் எட்டு வைப்பார்கள். ஓரத்தில் பட்டால் 'டக்'. நடுவில் பட்டால் கனத்த 'டொம்'.

'டொம்.'

திரும்பிவிட்டான். முதுகைக் காட்டியபடி நாலு எட்டு கீழே இறங்கி, இடது தோளுக்கு மேலாக முகத்தைத் தூக்குகிறான். வெள்ளைக்குள்ளிருந்து பந்து விழுகிறது. இரண்டு கையாலும் நெஞ்சோடு வாங்கிக்கொள்கிறான். கால் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான், பந்து கையில்தான்.

"பந்து போச்சாடா?"

"புடிச்சிட்டேண்ணே!"

"பொய் சொல்லாத. எவன் பாத்தான்?"

பார்த்தது நான் ஒருவன். வாய் திறப்பதற்குள் அவன் மேட்டில் ஏறிவிட்டான். கால்சட்டை முழுக்கச் சேறு. பந்தை நீட்டுகிறான்.

"கீழ பூராச் சேறுண்ணே. தரையில பட்டிருந்தா பந்துல ஒட்டியிருக்கும்ல?"

பெரியவன் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். மட்டையை அடுத்தவனிடம் கொடுக்கிறான்.