சுவருக்கு இந்தப் பக்கம்

ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரே சுவர்தான். அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கும். அந்தப் பிள்ளை அடிவாங்கியது ஆறு வருடம் எனக்குக் கேட்டது. சம்பள நாள் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் கை முறிந்து நின்றாள். டிஸ்பென்சரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். "மலையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. அவனைப் பொலிசில கொடுத்தா பிள்ளைகளுக்கு யாரு?" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். துண்டிலும் அப்படியே எழுதப்பட்டது.

பிறகு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு சைப்பிரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். 'திரும்பி வந்தால் கொன்றுபோடுவேன்' என்று புருஷன் போனில் மிரட்டவே, அங்கேயே அடைக்கலம் கேட்டாள். ஒருநாள் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, பொலிசுக்கு ஏன் போகலன்னு கேக்குறாங்க. துண்டில விழுந்ததா இருக்கேன்னு கேக்குறாங்க. நீங்க பார்த்ததை எழுதித் தருவீங்களா?"

அதன் பின்னர்தான் விசாரித்து அறிந்தேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறித்த சமூகக் குழு என ஐந்து காரணங்களையே சொல்கிறது. பெண் என்ற காரணம் தனியாக இல்லை. ஆனால் 1999இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கணவன்மாரால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பாகிஸ்தானியப் பெண்கள் இருவரை அந்த ஐந்தாவது காரணத்தின் கீழ் ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் வீட்டு வன்முறைக்குத் தப்பிய பெண்ணுக்கு அகதிப் பாதுகாப்புக் கிடைக்கலாம் என்றது. ஆயினும் பட்ட அடி மட்டும் போதாது. திரும்பினால் ஆபத்து உண்டா, சொந்த நாடு காக்குமா, வேறு ஊரில் வாழ முடியாதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அன்று அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எழுதினேன். 'அவள் விழவில்லை, அடித்து முறித்தான். பொய் சொல்லச் சொன்னவள் நான்' என்று சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டேன். அவன் இன்றும் அடுத்த காம்பராவில்தான் இருக்கிறான். பயமில்லை என்று சொல்லமாட்டேன். அவளுக்கு முடிவும் இன்னும் வரவில்லை.

சகோதரிகளே, ஒரு துண்டுக் கடதாசிக்காக வாசல் வாசலாக அலைவது யுத்தத்தில் உறவுகளை இழந்த உங்களுக்குத் தெரியாததல்ல. காயத்தோடு ஒருத்தி உங்களிடம் வந்தால், உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி வையுங்கள். நான் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.