பத்து நாள் ஜப்பான், ஒரு மீன், ஒரு தயிர் சாதம்

மூணு வாரமா நான் ஜப்பான் ரயில் அட்டவணையை மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். போறது நானில்லை, என் பாஸ்போர்ட்டுல இன்னும் ஒரு முத்திரைகூட விழலை. போறது எங்க அக்காவும் அத்தானும். கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, சீட்டு கட்டிச் சேர்த்த பணம், ரெண்டு பேரும் சேர்ந்து போற முதல் பெரிய பயணம். "நீதான் பி.காம். படிக்கிறியே, கணக்குப் போட்டுக் குடுடா"ன்னு வேலையை என் தலையில கட்டிட்டாங்க.

பி.காம். படிச்சா ஜப்பான் வழி தெரியுமான்னு கேக்காதீங்க. எங்க வீட்ல அப்படித்தான்.

அத்தான் குடுத்த பட்டியல்ல ஏழு ஊர்: டோக்கியோ, ஹகோனே, கனசவா, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, சப்போரோ. கையில இருக்கறது பத்து ராத்திரி. எக்கனாமிக்ஸ்ல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு நடத்துவாங்களே, அது இங்கதான் எனக்கு ஒழுங்காப் புரிஞ்சுது. ஜப்பான்ல பெரும்பாலான ஹோட்டல்ல காலைல பத்து, பதினோரு மணிக்குக் காலி பண்ணணும். அடுத்த ஊர் அறை மத்தியானம் மூணு மணிக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஊர் மாறுதலுக்கும் அரை நாள் காலி. ஏழு ஊருன்னா ஆறு தடவை மாறணும், அதாவது மூணு நாள் பெட்டியோட போயிடும். இதைத் தாள்ல எழுதிக் காமிச்சதும் அத்தான் சப்போரோ, கனசவா, ஹகோனே மூணையும் அவரே அடிச்சிட்டார். ஹிரோஷிமாவை மட்டும் விட மாட்டேன்னுட்டார். அங்க இருக்கற அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்க்காம திரும்ப மாட்டாராம். சரி, அது நியாயம்.

அடுத்தது ரயில். பழைய பயணக் குறிப்பு எதைப் படிச்சாலும் "கண்ணை மூடிட்டு ஜேஆர் பாஸ் வாங்கு"ன்னு இருக்கும். அது அந்தக் காலத்துக் கணக்கு. 2023 அக்டோபர்ல ஏழு நாள் பாஸ் விலையை 29,650 யென்லேர்ந்து ஒரே தாவா 50,000 யென் ஆக்கிட்டாங்க. டோக்கியோவுலேர்ந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென்ல சுமார் 14,000 யென். கியோட்டோ - ஒசாகா சாதாரண ரயில்ல அரை மணி நேரம், 600 யென்னுக்குள்ள முடிஞ்சிடும். ஒசாகாவுலேர்ந்து ஹிரோஷிமா போய் வர சுமார் 21,000. மொத்தம் 36,000 சொச்சம். பாஸ் இல்லாமப் போனா ஆளுக்கு 14,000 யென் கிட்ட மிச்சம். இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. டோக்கியோவுல இறங்கி ஒசாகா பக்கம் கான்சாய் விமான நிலையத்துல ஏறினா, திரும்ப டோக்கியோ வர்ற ரயில் செலவே கிடையாது. விசாவுக்கு எந்த நாள் எங்க தங்கறோம்னு அட்டவணை குடுக்கணும்கறதால இதெல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியாகணும்.

ஆக டோக்கியோ நாலு ராத்திரி, கியோட்டோ மூணு, ஒசாகா மூணு. ஆஹா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். சாப்பாடுன்னு தலைப்பு போட்டப்பதான் சண்டையே ஆரம்பிச்சுது.

அக்கா தூத்துக்குடியில எங்க வீட்ல வளர்ந்தவ, மீன் இல்லாம ஞாயித்துக்கிழமை கிடையாது. அத்தான் முட்டைகூட தொட மாட்டார். ரெண்டு வருஷமா அவங்க வீட்ல மீன் சட்டி அடுப்புல ஏறினதில்லை. அவர் வேண்டாம்னு சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அக்கா ஜப்பான்னு சொன்னதே மீனுக்காகத்தான்னு எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியுமான்னுதான் தெரியலை.

அத்தான் நினைச்சது, மீனைத் தள்ளி வெச்சிட்டு மத்ததைச் சாப்பிட்டா போச்சுன்னு. ஜப்பான்ல அது அவ்வளவு சுலபமில்லை. அங்க தாஷின்னு ஒரு சாறு உண்டு. கொம்பு என்ற கடற்பாசியும், காயவெச்சுச் சீவின கட்சுவோபுஷி மீனும் போட்டு இறக்கறது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, தொட்டுக்கற சாறு, காய்கறிக் கூட்டு மாதிரி இருக்கறது எல்லாத்துலயும் அது இருக்கும். 1908-ல இகேதா கிகுனாயே என்ற விஞ்ஞானி இந்தக் கொம்பு சாறுலேர்ந்துதான் குளூட்டமேட்டைப் பிரிச்சு எடுத்து, அந்த ருசிக்கு உமாமின்னு பேர் வெச்சார். அடுத்த வருஷமே அது அஜினமோட்டோன்னு விற்பனைக்கு வந்துச்சு. நம்ம ஊர் ஃப்ரைட் ரைஸ் கடை வரைக்கும் வந்து சேர்ந்த அதே சாமான்தான்.

அதனால அத்தான்கிட்ட நேராவே கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாத மீன் பரவாயில்லையா அத்தான்?" ரெண்டு நாள் யோசிச்சிட்டு, "தெரிஞ்சே சாப்பிட மாட்டேன்டா"ன்னார். உடனே அக்கா, "அப்போ நான் சாப்பிடறப்ப எழுந்து போயிடுவீங்களா?"ன்னு கேட்டா. அவ அதைச் சிரிச்சிட்டே கேக்கலை. நான் லேப்டாப்பைப் பார்த்துட்டே இருந்தேன்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எழுந்து போக மாட்டேன். எனக்கும் ஏதாவது இருக்கற கடையாப் பாரு"ன்னார்.

அதுக்கப்புறம் திட்டம் தானா அமைஞ்சுது. கியோட்டோ அத்தானோட ஊர். கடல்லேர்ந்து தள்ளி இருக்கற ஊரு, கோயில் நிறைஞ்ச ஊரு, அதனால தோஃபுவும் யுபாவும் அங்க பேர் போனது. புத்த மடங்களோட ஷோஜின் சமையல்ல மீன், கறி கிடையாது. சாறு கொம்புலயும் காஞ்ச ஷீடாகே காளான்லயும்தான். அக்கா அங்க அவரோட உட்கார்ந்து அதையே சாப்பிடுவா.

டோக்கியோவுல ரெண்டு காலை அக்காவுக்கு. மொத்த மீன் வியாபாரம் 2018 அக்டோபர்ல தோயோசுவுக்கு மாறிடுச்சு. ஆனா ட்சுகிஜி வெளிச்சந்தை கடைகள் பழைய இடத்துலயே இருக்கு. அத்தான் பக்கத்துல இருக்கற ஹமாரிக்யூ தோட்டத்துல நடந்துட்டு வருவார்.

ஒசாகாவுல கடைசி ராத்திரி சுழலும் சுஷிக் கடை. தட்டு பெல்ட்டுல சுத்திவர்ற அந்த முறை 1958-ல ஒசாகா பக்கத்துலதான் பிறந்துச்சு. பீர் தொழிற்சாலைல புட்டி நகர்ந்து போறதைப் பார்த்து ஷிரைஷி யோஷியாகி என்றவருக்கு உதிச்ச யோசனை. அக்காவுக்கு சூரையும் சால்மனும், அத்தானுக்கு வெள்ளரிக்காய் வெச்ச கப்பா மாகி. ஒரே பெஞ்சு, ஒரே பெல்ட்டு. தோஃபு பைக்குள்ள சோறு வெச்ச இனாரி வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கேன், அந்தப் பையைப் பெரும்பாலும் தாஷிலதான் வேக வைப்பாங்க.

குச்சியை சோத்துல செங்குத்தாக் குத்தி வைக்கக் கூடாது, ஒருத்தர் குச்சிலேர்ந்து இன்னொருத்தர் குச்சிக்கு எதையும் குடுக்கக் கூடாது, ரெண்டும் சாவுச் சடங்கோட சேர்ந்ததுன்னும் எழுதினேன். துக்க வீட்டுல இலையை எதிர்ப்பக்கமா மடிக்கறவங்க நாம, நமக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை.

ரயில்ல மிச்சமான 28,000 யென்னை அப்படியே சாப்பாட்டுக் கணக்குல சேர்த்துட்டேன். அதுல பாதி அக்காவோட மீனுக்குன்னு அத்தானே பேனாவால குறிச்சார்.

ஜோடியாக் கிளம்பறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எந்தெந்த ஊர்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஒரே மேஜைல எதைச் சாப்பிடப் போறீங்கன்னு கேட்டுக்கோங்க. எங்க வீட்ல ரெண்டு வருஷமாக் கேக்காத கேள்வி அது.